கையறுநிலையும் பழிவாங்கலும்: 'மேக்ஸ் பெய்ன்' காணொளி விளையாட்டுத் தொடரில் நுவார் கதைமரபு (2001–2012)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் குற்றப் புனைகதையிலும் 1940களின் ஹாலிவுட் திரைப்படங்களிலும் உருப்பெற்ற நுவார் கதைமரபு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் காணொளி விளையாட்டுகளுக்குள் வந்து சேர்ந்தது. பின்லாந்தின் ரெமடி நிறுவனம் உருவாக்கிய 'மேக்ஸ் பெய்ன்' (2001) இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. மனைவியையும் குழந்தையையும் இழந்த ஒரு காவலரின் துயரமும் பழியும் இவ்வாட்டத்தின் உள்ளடக்கமாயின. பழிவாங்கல் செயலைக் கோருவது. இழப்பின் துயரமோ செயலற்ற நிலை. ஆட்டக்காரரின் கை ஓயாது இயங்க வேண்டிய ஒரு கலைவடிவத்தில் துயரத்துக்கு இடமுண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. இத்தொடரின் மூன்று ஆட்டங்களையும் கால வரிசையில் ஆராய்ந்து, ஆட்டக்காரரின் கை பயனற்றுப் போகும் தருணங்களிலேயே துயரம் பதிவாகிறது என்றும், பழியின் மீதான நம்பிக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்து வருகிறது என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நுவார், காணொளி விளையாட்டு, மேக்ஸ் பெய்ன், துயரம், பழிவாங்கல், கையறுநிலை, பின்னணிக் குரல்

முன்னுரை

கதை சொல்லும் கலைகளுள் காணொளி விளையாட்டு வயதில் இளையது. நாவலும் திரைப்படமும் வாசகரை அல்லது பார்வையாளரை நிகழ்வின் சாட்சியாக நிறுத்துகின்றன. காணொளி விளையாட்டு அவரை நிகழ்த்துபவராக ஆக்குகிறது. ஆட்டக்காரர் பொத்தானை அழுத்தாவிட்டால் கதை நகர்வதில்லை. இந்த அடிப்படை வேறுபாட்டால், பிற கலைகளிலிருந்து ஆட்டத்துக்குள் வரும் எந்தக் கதைமரபும் தன் இயல்பில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்ள நேர்கிறது.

நுவார் மரபு இதற்குத் தக்க சான்று. அம்மரபின் நாயகர் பெரும்பாலும் விதியால் வீழ்த்தப்படுபவர். அவர் எதைச் செய்தாலும் முடிவு மாறாது. ஆட்டமோ, ஆட்டக்காரர் செய்வதால் முடிவு மாறும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. இம்முரண், துயரத்தைப் பொருளாகக் கொள்ளும் ஆட்டங்களில் மேலும் கூர்மையடைகிறது.

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையைக் கூறுகிறது. இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது அதன் பொருள். கையறுதல் என்பது செயலற்றுப் போதல். இறப்பின் முன் மனிதர் செய்வதற்கு எதுவும் இல்லை என்னும் உணர்வை ஒரே சொல்லில் அடக்கும் இக்கலைச்சொல், ஆட்டக்காரரின் கையையே கருவியாகக் கொண்ட ஒரு கலையை ஆராயப் பொருத்தமானது. இச்சொல் இங்கு ஒரு பகுப்பாய்வுக் கருவியாக மட்டுமே கையாளப்படுகிறது. ஆராயப்படும் ஆட்டங்களுக்கும் தமிழ் மரபுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு எதுவும் இங்கு கற்பிக்கப்படவில்லை.

நுவார் மரபின் தோற்றமும் இயல்பும்

நுவார் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கருப்பு என்று பொருள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பிரான்சுக்கு வந்து சேர்ந்த அமெரிக்கக் குற்றத் திரைப்படங்களைக் குறிக்க, 1946இல் திறனாய்வாளர் நீனோ ஃபிராங்க் 'ஃபிலிம் நுவார்' என்னும் தொடரைப் பயன்படுத்தினார். 1955இல் ரேமோன் போர்த், எத்தியென் ஷோமெத்தோன் ஆகிய இருவரும் இவ்வகைத் திரைப்படங்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினர். அப்படங்களை எடுத்த அமெரிக்கர்கள் தாம் எடுப்பது நுவார் என்று அறிந்திருக்கவில்லை. பெயர் பின்னால் வந்தது.

இம்மரபுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, 1920கள் முதல் 'பிளாக் மாஸ்க்' போன்ற மலிவுவிலை இதழ்களில் வளர்ந்த அமெரிக்கத் துப்பறியும் கதை. டாஷியல் ஹேமெட், ரேமண்ட் சாண்ட்லர் ஆகியோர் இதில் முதன்மையானவர்கள். சுருங்கிய வாக்கியங்கள், கசப்பான நகைச்சுவை, எதிர்பாராத உவமைகள் ஆகியவை இவ்வகை எழுத்தின் அடையாளங்கள். மற்றொன்று, ஜெர்மானிய வெளிப்பாட்டியத் திரைப்படங்களின் ஒளியமைப்பு. ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர் முதலிய இயக்குநர்கள் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்தபோது, சாய்ந்த நிழல்களும் கூரிய ஒளி வேறுபாடும் அவர்களோடு ஹாலிவுட்டுக்கு வந்தன.

இக்கட்டுரைக்கு முதன்மையானவை இம்மரபின் இரு கூறுகள். முதலாவது பின்னணிக் குரலும் பின்னோக்கு உத்தியும். 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) படத்தில், நாயகன் தன் குற்றத்தையும் தோல்வியையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு கதையைச் சொல்கிறான். 'சன்செட் பொலிவார்ட்' (1950) படத்தில் கதை சொல்பவனே இறந்துபோனவன். முடிவு தெரிந்த பின்னரே கதை தொடங்குவதால், நாயகனின் ஒவ்வொரு முயற்சியும் வீண் என்பதைப் பார்வையாளர் முன்பே அறிவார். இரண்டாவது, இழப்பால் சட்டத்தின் எல்லையைக் கடக்கும் காவலர் என்னும் பாத்திரம். ஃபிரிட்ஸ் லாங்கின் 'தி பிக் ஹீட்' (1953) படத்தில், நாயகனுக்காக வைக்கப்பட்ட வெடிகுண்டில் அவன் மனைவி இறக்கிறாள். அவன் காவல்பணியின் அடையாளத்தைத் துறந்து தனியனாகப் பழிதீர்க்கப் புறப்படுகிறான். அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த மேக்ஸ் பெய்ன் பாத்திரத்தின் முன்வடிவம் இப்படத்தில் தெளிவாகக் காணப்படுகிறது.

2001க்கு முந்தைய நுவார் ஆட்டங்கள்

நுவார் சூழல் ஆட்டங்களுக்கு 2001இல் புதிதாக வந்ததன்று. 1985இல் ஐகாம் சிமுலேஷன்ஸ் உருவாக்கிய 'டேஜா வூ', நினைவிழந்த ஒரு துப்பறிவாளரைச் சிகாகோ நகரில் நிறுத்தியது. 1989இல் வெளிவந்த 'மீன் ஸ்ட்ரீட்ஸ்' ஆட்டம் டெக்ஸ் மர்ஃபி என்னும் தனியார் துப்பறிவாளரை அறிமுகப்படுத்தியது. அதன் தொடர்ச்சியான 'அண்டர் எ கில்லிங் மூன்' (1994), நடிகர்களைப் படம்பிடித்துக் குறுந்தகடுகளில் சேர்த்தது. வெஸ்ட்வுட் நிறுவனத்தின் 'பிளேட் ரன்னர்' (1997), லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'கிரிம் ஃபன்டாங்கோ' (1998) ஆகியவை இவ்வரிசையில் உயர்ந்த இடம் பெற்றவை. பின்னது இறந்தோர் உலகையே களமாகக் கொண்டது.

இவ்வாட்டங்களுக்கு ஒரு பொதுப்பண்பு உண்டு. இவை சாகசப் புதிர் வகையைச் சேர்ந்தவை. பொருள்களைத் தேடுதல், மாந்தரோடு உரையாடுதல், புதிர்களை விடுவித்தல் ஆகியவையே ஆட்டக்காரரின் பணிகள். நுவார் மரபின் துப்பறிதல் என்னும் கூறு இவற்றில் எளிதாகப் பொருந்தியது. ஆனால் துப்பறிவாளர் பெரும்பாலும் பிறருடைய துயரத்தை விசாரிப்பவராக இருந்தார். அவருடைய சொந்த இழப்பு ஆட்டத்தின் இயக்கத்துக்கு அடிப்படையாகவில்லை. மறுபுறம், 1990களின் துப்பாக்கிச் சூட்டு ஆட்டங்களில் கதை பெயரளவில்தான் இருந்தது. சுடுபவர் யார், ஏன் சுடுகிறார் என்னும் கேள்விகள் பெரும்பாலானவற்றில் எழவே இல்லை. இந்த இரு வகைகளும் 'மேக்ஸ் பெய்ன்' ஆட்டத்தில் சந்தித்தன.

'மேக்ஸ் பெய்ன்' உருவான சூழல்

ரெமடி நிறுவனம் 1995இல் பின்லாந்தில் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆட்டம் 'டெத் ரேலி' (1996) என்னும் காரோட்டப் பந்தய ஆட்டம். அடுத்து உருவான 'மேக்ஸ் பெய்ன்' பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2001 ஜூலையில் கணினிக்கென வெளிவந்தது. அமெரிக்காவின் 3டி ரெல்ம்ஸ் நிறுவனம் தயாரிப்பில் துணைநின்றது. கேதரிங் ஆஃப் டெவலப்பர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கதையை எழுதியவர் ஆங்கில இலக்கியம் பயின்ற சாம் லேக்.

நியூயார்க்கை நேரில் கண்டு ஒளிப்படம் எடுத்துவர ரெமடி குழுவினர் அந்நகருக்குச் சென்றனர். அங்கு எடுத்த படங்கள் ஆட்டத்தின் சுவர்களுக்கும் தெருக்களுக்கும் மேற்பரப்பாயின. ஆயினும் ஆட்டம் காட்டும் நியூயார்க், நேரில் கண்ட நகரத்தைவிடத் திரைப்படங்களில் கண்ட நகரத்துக்கே நெருக்கமானது. அதன்மீது ஓயாது பனி கொட்டுகிறது. மாந்தர்க்கும் நிறுவனங்களுக்கும் வால்கிர், வல்ஹல்லா, ஈசிர், வோடன், பால்டர் என வடஐரோப்பியத் தொன்மப் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. அத்தொன்மத்தில் கடவுளரின் அழிவு முன்பே விதிக்கப்பட்டது. அவ்வழிவுக்கு முன் நீண்ட கடுங்குளிர் வரும். நுவார் மரபின் மழை பெய்யும் தெருவை, முடிவை முன்னறிவிக்கும் பனிப்புயலாக இவ்வாட்டம் மாற்றியது. விதி என்னும் நுவார் கருத்தும் தொன்மத்தின் விதியும் இங்கு ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

பொருள்வசதியின் குறைவும் வடிவத்தைத் தீர்மானித்தது. அசைவூட்டப்பட்ட இடைக்காட்சிகளுக்கு மாற்றாக, படக்கதைக் கட்டங்கள் வழியாகக் கதை சொல்லப்பட்டது. நிறுவன ஊழியர்களும் அவர்களுடைய உறவினரும் நண்பர்களும் அவற்றுக்கு மாதிரிகளாக நின்றனர். மேக்ஸ் பெய்னின் முகம் சாம் லேக்கின் முகமே. ஜேம்ஸ் மெக்காஃப்ரியின் தாழ்ந்த குரல் நாயகனின் எண்ணங்களைப் பேசியது. படமும் எழுத்தும் குரலும் சேர்ந்த இவ்வடிவம், மலிவுவிலைக் குற்ற இதழ்களின் பக்கங்களை நினைவூட்டியது. பற்றாக்குறையால் பிறந்த ஒரு வழி, மரபின் வேருக்கே ஆட்டத்தைக் கொண்டு சேர்த்தது.

சண்டை முறை வேறு திசையிலிருந்து வந்தது. ஜான் வூ இயக்கிய 'தி கில்லர்' (1989), 'ஹார்ட் பாய்ல்ட்' (1992) ஆகிய ஹாங்காங் படங்களின் மெதுவசைவுத் துப்பாக்கிச் சண்டைகள் இதற்கு முன்மாதிரி. 'புல்லட் டைம்' எனப்பட்ட உத்தியால் ஆட்டக்காரர் காலத்தின் ஓட்டத்தை மெதுவாக்கலாம். பகைவரைக் கொல்லும்தோறும் அவ்வாற்றல் மீண்டும் நிரம்பும்.

முதல் ஆட்டம்: தாமதமாக வந்து சேரும் கை

கதை மிகச் சுருக்கமானது. நியூயார்க் காவலரான மேக்ஸ் ஒருநாள் மாலை வீடு திரும்புகிறார். வால்கிர் என்னும் போதைமருந்தின் வெறியில் நுழைந்தவர்கள் அவருடைய மனைவி மிஷெலையும் கைக்குழந்தையையும் கொன்றுவிடுகின்றனர். போதைப்பொருள் தடுப்புத் துறைக்கு மாறும் மேக்ஸ், மூன்றாண்டுகளுக்குப் பின் குற்றக்குழு ஒன்றுக்குள் மாறுவேடத்தில் இயங்குகிறார். தன் நண்பரின் கொலைப்பழி தன்மேல் விழ, காவலராலும் குற்றவாளிகளாலும் தேடப்படுகிறார். இறுதியில் ஒரு பெருநிறுவனத் தலைவியே அனைத்துக்கும் காரணம் என அறிந்து அவளைக் கொல்கிறார். பழி தீர்ந்தபின் கட்டட உச்சியில் நிற்கும் மேக்ஸின் நினைவாகவே முழுக்கதையும் சொல்லப்படுகிறது. 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தைப் போலவே, முடிவு தெரிந்த பின்னரே இவ்வாட்டமும் தொடங்குகிறது.

கொலை நிகழும் முதற்காட்சியை ஆட்டக்காரர் வெறுமனே பார்ப்பதில்லை. அதை ஆட வேண்டும். வீட்டுக்குள் நுழைகிறார். சுவரில் கிறுக்கப்பட்ட குறி தெரிகிறது. தொலைபேசி ஒலிக்கிறது, எதிர்முனையில் உதவி கிடைப்பதில்லை. மாடியிலிருந்து அலறல் கேட்கிறது. ஆட்டக்காரர் எவ்வளவு விரைந்து ஓடினாலும், எவ்வளவு திறமையாகச் சுட்டாலும், மாடிக்குச் செல்லும்போது எல்லாம் முடிந்திருக்கும். மறுமுறை ஆடினாலும் அவ்வாறே. தவறு செய்தால் திரும்ப ஆடித் திருத்திக்கொள்ளலாம் என்பது இக்கலைவடிவம் ஆட்டக்காரருக்குத் தரும் அடிப்படை உறுதி. அவ்வுறுதி முதற்காட்சியிலேயே திரும்பப் பெறப்படுகிறது. திரைப்படத்தில் பார்வையாளர் நாயகனுக்காக இரங்குவார். இங்கு ஆட்டக்காரரின் சொந்தக் கையே தோற்கிறது.

கனவுப் பகுதிகளில் இவ்வனுபவம் மீண்டும் வருகிறது. போதைமருந்து செலுத்தப்பட்டு மயங்கிக் கிடக்கும் மேக்ஸின் மனத்துக்குள், வீட்டின் நடைவழிகள் முடிவின்றி நீள்கின்றன. கரிய வெளியில் நீளும் மெல்லிய குருதிக் கோட்டின்மேல் குழந்தையின் அழுகுரலைப் பின்தொடர்ந்து நடக்க வேண்டும். கால் பிசகினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். சலிப்பூட்டுவன என இப்பகுதிகள் விமர்சிக்கப்பட்டன. ஆனால் ஆட்டத்தின் பிற பகுதிகளில் ஆட்டக்காரர் கற்ற திறன்கள் யாவும் இங்குப் பயனற்றுப் போகின்றன. சுடுவதற்கு எவரும் இல்லை. காலத்தை மெதுவாக்கிப் பயனில்லை. இரண்டாவது கனவில், தான் ஒரு படக்கதைக்குள்ளும் ஒரு கணினி ஆட்டத்துக்குள்ளும் இருப்பதாக மேக்ஸுக்கு உணர்த்தப்படுகிறது. நகைச்சுவை போலத் தோன்றும் இத்தருணத்தில், தன் கை தன் வசத்தில் இல்லை என்பதைப் பாத்திரமே அறிகிறது. கையறுநிலை என்னும் சொல் இப்பகுதிகளுக்கு முற்றிலும் பொருந்தும்.

கனவுகளுக்கு வெளியே ஆட்டம் வேறு விதமாக இயங்குகிறது. விசாரணை முன்னேறும்போது, மிஷெலின் இறப்பு தற்செயலானதன்று என்பது தெரியவருகிறது. வல்ஹல்லா திட்டம் பற்றிய ஆவணத்தை அவர் அறியாமல் கண்டதே காரணம். பொருளற்ற இழப்பாகத் தோன்றியது, காரணமும் குற்றவாளியும் உடைய ஒரு சதியாக மாறுகிறது. துயரத்துக்கு முகவரி கிடைக்கிறது. அம்முகவரிக்குச் செல்லும் வழி துப்பாக்கி. இவ்வகையில் முதல் ஆட்டம் பழியை முழுமையாக நம்புகிறது. கைதாகும் மேக்ஸின் முகத்தில் இறுதியில் புன்னகை தோன்றுகிறது.

இந்நம்பிக்கைக்கு ஒரு விலையும் உண்டு. மிஷெல் ஆட்டத்தில் ஏறத்தாழ ஓர் அலறலாகவும் ஓர் உடலாகவும் மட்டுமே இருக்கிறார். ஆண் நாயகனின் கதை தொடங்குவதற்காகப் பெண் பாத்திரங்கள் கொல்லப்படும் வழக்கத்தை, காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் 1999இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். 'மேக்ஸ் பெய்ன்' அவ்வழக்கத்துக்கு விலக்கன்று. இறந்தவர் யார் என்பதைவிட, எஞ்சியவர் என்ன செய்வார் என்பதே இவ்வாட்டத்தின் அக்கறை.

இரண்டாம் ஆட்டம்: பழியிலிருந்து குற்றவுணர்வுக்கு

2002இல் 'மேக்ஸ் பெய்ன்' உரிமை டேக்-டூ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ரெமடி உருவாக்கிய இரண்டாம் ஆட்டம், 'தி ஃபால் ஆஃப் மேக்ஸ் பெய்ன்' என்னும் துணைத்தலைப்போடு 2003 அக்டோபரில் ராக்ஸ்டார் வழியாக வெளிவந்தது. இது தன்னை ஒரு நுவார் காதல் கதை என்றே அறிவித்துக்கொண்டது.

பழி தீர்ந்தபின் என்ன எஞ்சுகிறது என்பதே இதன் தொடக்கப்புள்ளி. மேக்ஸ் மீண்டும் காவல்துறையில் பணிபுரிகிறார். மருத்துவமனைப் படுக்கையில் அவர் விழிப்பதோடு ஆட்டம் தொடங்குகிறது. நிகழ்வுகள் முன்பின்னாக மாறி வருகின்றன. முதல் ஆட்டத்தில் இறந்ததாகக் கருதப்பட்ட கூலிக்கொலையாளி மோனா சாக்ஸ் திரும்பி வருகிறார். அவரைக் காப்பதற்காக, உடன் பணியாற்றும் காவலரான வின்டர்சனை மேக்ஸ் சுட்டுவிடுகிறார். முதல் ஆட்டத்தில் அவர் சுட்டவர்கள் பகைவர்கள். இங்கு அவர் சுடுவது தன் பக்கத்தைச் சேர்ந்த ஒருவரை. அச்செயலுக்கு எப்பழியும் நியாயம் தருவதில்லை. குற்றவுணர்வு துயரத்தோடு சேர்ந்துகொள்கிறது.

தொழில்நுட்ப மாற்றம் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஹேவாக் என்னும் இயற்பியல் மென்பொருளின் துணையால், உடல்களும் பொருள்களும் எடைக்கேற்ப விழுந்தன. சுடப்பட்டவர் முன்கூட்டி வரையப்பட்ட அசைவில் சாயாமல், படிகளில் உருண்டும் சுவரில் மோதியும் விழுந்தார். இது சண்டையின் கவர்ச்சிக்காகச் சேர்க்கப்பட்டதே. ஆனால் இறந்த உடலுக்கு எடை உண்டு என்பதை ஆட்டக்காரர் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்.

முடிவு குறிப்பிடத்தக்கது. இயல்பான ஆட்டத்தில் மோனா இறக்கிறார். மிகக் கடினமான நிலையில் ஆடி முடிப்பவருக்கு மட்டும் அவர் பிழைக்கும் மாற்று முடிவு கிடைக்கிறது. முதல் ஆட்டத்தின் தொடக்கத்தில் எவராலும் மிஷெலைக் காக்க முடியவில்லை. இங்குத் திறமை மிக்க கைக்கு மட்டும் ஓர் உயிர் பரிசாகத் தரப்படுகிறது. இதை இரு விதமாக வாசிக்கலாம். துயரத்தைத் திறமைக் குறைவின் விளைவாக்கி மலினப்படுத்துகிறது என்பது ஒரு வாசிப்பு. பெரும்பாலோர் காணாத ஒரு மீட்பை எங்கோ மறைத்துவைப்பதால், இழப்பே பொதுவிதி என்பதை உறுதிசெய்கிறது என்பது மற்றொன்று. ஆட்டத்தின் மொத்தத் தொனி இரண்டாம் வாசிப்புக்கே வலுச்சேர்க்கிறது. மோனா இறக்கும் முடிவில் பழிதீர்த்த நிறைவு இல்லை.

மூன்றாம் ஆட்டம்: கல்லறையில் ஒரு துப்பாக்கிச் சண்டை

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2012 மே மாதத்தில் 'மேக்ஸ் பெய்ன் 3' வெளிவந்தது. இதை ரெமடி உருவாக்கவில்லை. ராக்ஸ்டாரின் படைப்பகங்களே உருவாக்கின. மெக்காஃப்ரியின் குரல் மட்டும் தொடர்ந்தது. இம்முறை மேக்ஸின் தோற்றமும் உடலசைவும் அவரைக் கொண்டே அமைந்தன. களம் பெரும்பகுதி பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்துக்கு மாறியது. படக்கதைக் கட்டங்கள் மறைந்து, பிளவுபட்ட திரையும் மிதக்கும் சொற்களும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கொட்டும் பனிக்குப் பதில் கொளுத்தும் வெயில். நுவார் மரபின் இருட்டு புறக்காட்சியிலிருந்து நாயகனின் மனத்துக்குள் சென்றுவிட்டது எனலாம்.

மேக்ஸ் இப்போது செல்வந்தர் குடும்பமொன்றின் மெய்க்காப்பாளர். குடிக்கும் வலிநிவாரணி மாத்திரைகளுக்கும் அடிமையானவர். இக்கூறு தொடரின் வரலாற்றில் தனிக் கவனத்துக்குரியது. முதல் ஆட்டத்திலேயே, காயமுற்ற நாயகனின் உடல்நலத்தை மீட்கும் பொருளாக வலிநிவாரணி இருந்தது. பல ஆட்டங்களில் மருந்துப்பெட்டி செய்யும் வேலையை இங்கு அது செய்தது. ஆட்டக்காரர் அதைப் பற்றி எண்ணாமல் எடுத்து விழுங்கச் செய்தார். மூன்றாம் ஆட்டம் அதே பொருளைக் கதையின் நோயாக மாற்றியது. பதினோர் ஆண்டுகளாக ஆட்டக்காரர் நாயகனுக்குக் கொடுத்துவந்த மாத்திரைகள், ஆறாத துயரத்தின் அறிகுறி எனத் தெரியவருகிறது. விதியின் ஒரு பகுதியாக ஆட்டக்காரரின் கையே இருந்துள்ளது.

பின்னோக்குக் காட்சியொன்றில், நியூஜெர்சியில் குற்றக்குழுத் தலைவர் ஒருவரின் மகனைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும் மேக்ஸ், மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைக்கு விடைபெறச் செல்கிறார். அங்கும் ஆயுதமேந்தியோர் வந்துவிடுகின்றனர். கல்லறைகளுக்கு இடையே துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. தொடர் முழுவதிலும் இரங்கலுக்கென அமைந்த ஒரே இடம் அது. அவ்விடத்திலும் கை ஓய்வதற்கு ஆட்டம் விடுவதில்லை. சண்டையின்றி நிற்க இவ்வகை ஆட்டத்துக்குத் தெரியாது என்பதை இக்காட்சி அறிந்தே காட்டுகிறதா, அறியாமல் வெளிப்படுத்துகிறதா என்பது விவாதத்துக்குரியது. துயரத்தின் இடத்தைப் பழியின் இயக்கம் எவ்வாறு விழுங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இத்தொடரில் இல்லை.

முடிவில், குற்றங்களின் மூலகாரணமான அரசியல்வாதியை மேக்ஸ் கொல்வதில்லை. அவனுடைய காலை உடைத்துச் சட்டத்திடம் விட்டுவிடுகிறார். தன் குடும்பத்துக்காகச் செய்ய வேண்டியது எதுவும் அவரிடம் மிச்சமில்லை. பழியில் தொடங்கிய தொடர், பழியைக் கைவிட்டு நடந்துபோகும் ஒரு மனிதரோடு முடிகிறது.

பிற ஆட்டங்களில் இதன் தொடர்ச்சி

இதே காலத்தில் வேறு ஆட்டங்களும் இவ்வினாவை எதிர்கொண்டன. குவாண்டிக் டிரீம் நிறுவனத்தின் 'ஹெவி ரெயின்' (2010), கூட்ட நெரிசலில் மகனைத் தொலைத்த தந்தையைக் காட்டுகிறது. ஆட்டக்காரர் பொத்தானை அழுத்தி மகனின் பெயரைக் கூவலாம். விபத்தைத் தடுக்க முடியாது. பின்வரும் பகுதியில், இரண்டாவது மகனுக்கு உணவு தருவதும் வீட்டுப்பாடம் செய்யவைப்பதும் உறங்கவைப்பதுமே ஆட்டக்காரரின் வேலை. துயரம் அன்றாடக் கடமையாக ஆடப்படுகிறது. 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸைக் களமாகக் கொண்ட 'எல்.ஏ. நுவார்' (2011), போர்க்காலக் குற்றவுணர்வைச் சுமக்கும் துப்பறிவாளரை இறுதியில் இறக்கவிடுகிறது.

நாட்டி டாக் நிறுவனத்தின் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' (2020) நுவார் மரபைச் சேர்ந்ததன்று. ஆயினும் பழிக்கும் துயரத்துக்குமான உறவை அது இறுதி எல்லைவரை கொண்டு சென்றது. தனக்குத் தந்தையாக இருந்த ஜோயல் கொல்லப்படுவதை எல்லி தரையில் அழுத்தப்பட்டுக் கிடந்தபடி காண்கிறாள். அவள் பழிதேடிப் புறப்படுகிறாள். பாதி வழியில் ஆட்டம், கொலையாளியான ஆபியை ஆடும்படி ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆபியின் தந்தையைக் கொன்றவர் ஜோயல். 2013இல் வந்த முதல் ஆட்டத்தில் அக்கொலையைச் செய்தது ஆட்டக்காரரின் கை. இறந்தவரும் பழிதேடுவோரும் முகமும் வாழ்வும் உடையவர்களாகத் தோன்றும்போது, மிஷெலுக்கு 2001இல் கிடைக்காத இடம் நிரப்பப்படுகிறது.

இறுதிச் சண்டையில் எல்லி ஆபியைக் கொல்லாமல் விடுகிறாள். ஆனால் அவளுடைய இரண்டு விரல்கள் போய்விட்டன. ஜோயல் கற்றுத்தந்த கிட்டாரை அவள் எடுக்கிறாள். ஆட்டக்காரர் தந்திகளை மீட்ட முயல்கிறார். முன்பு நிறைவாக ஒலித்த இசை இப்போது இடையிடையே அறுந்து போகிறது. பழிக்காக ஓடிய கையே இழப்பின் அடையாளமாகிவிட்டது. கையறுநிலை இங்குச் சொல்லின் நேர்ப்பொருளிலேயே நிகழ்கிறது.

முடிவுரை

நுவார் மரபு திரையில் சொன்னது, மனிதர் விதியை வெல்ல முடியாது என்பது. காணொளி விளையாட்டுக்குள் வந்தபோது அது செயலின் கலையோடு மோதியது. இம்மோதலை 'மேக்ஸ் பெய்ன்' (2001) இரண்டாகப் பிரித்துத் தீர்த்தது: விழித்திருக்கும் நேரம் பழிக்கு, கனவு துயரத்துக்கு. இரண்டாம் ஆட்டத்தில் இப்பிரிவு குழம்பியது. சுடும் கையில் குற்றவுணர்வு படிந்தது. மூன்றாம் ஆட்டம், ஆட்டக்காரர் பழகிய வலிநிவாரணியையே நோயாகக் காட்டி, பழியால் துயரம் தீர்வதில்லை என்னும் முடிவை எட்டியது.

இவ்வளர்ச்சியிலிருந்து ஒரு பொது முடிவுக்கு வரலாம். காணொளி விளையாட்டில் துயரம், எழுத்தாலும் குரலாலும் சொல்லப்படும் இடங்களைவிட, ஆட்டக்காரர் கற்ற திறன் பயன்படாமல் போகும் இடங்களிலேயே ஆழமாகப் பதிகிறது. தாமதமாக ஏறும் மாடிப்படி, குருதிக் கோட்டின்மேல் நடக்கும் கால், ஒலிக்காத தந்தி ஆகியவை அத்தகைய இடங்கள். இக்கலைவடிவத்தை ஆராய்வோர் கதைச்சுருக்கத்தை மட்டும் கொண்டு அதை மதிப்பிட இயலாது. கை என்ன செய்கிறது, எங்கே செய்ய முடியாமல் நிற்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அவ்வாசிப்புக்குத் தேவையான கலைச்சொற்கள் தமிழ்ப் பொருளிலக்கண மரபில் ஆயத்தமாக உள்ளன.